கலைந்த எழுத்துகளில் சொல்லைக் கண்டுபிடிப்பது எப்படி?

வார இதழின் கடைசிப் பக்கத்தில், பள்ளிப் போட்டியில், காலையில் வாட்ஸ்அப் குழுவில் என்று இந்தப் புதிர் பல உருவில் வரும். கலைத்துப் போட்ட எழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல் ஆக்கச் சொல்வது ஒரு வகை. நீளமான சொல் ஒன்றைக் கொடுத்து, அதன் எழுத்துகளைக் கொண்டு முடிந்த அளவு சின்னச் சொற்களை எழுதச் சொல்வது இன்னொரு வகை. குறுக்கெழுத்தில் இரண்டு கட்டம் நிரம்பி மீதி காலியாக நிற்குமே, அது மூன்றாவது. மூன்றுக்கும் தேவைப்படும் திறமை ஒன்றுதான்: எந்த எழுத்து எங்கே நிற்கும், எது எதன் பக்கத்தில் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார்கள். நான்கு எழுத்து என்றால் 24 வரிசைதான், சமாளிக்கலாம். ஐந்துக்கு 120, ஆறுக்கு 720. அங்கே களைத்துப் போய் விட்டுவிடுகிறார்கள். தமிழில் அவ்வளவு அலைய வேண்டியதே இல்லை. எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எது கடைசியில் வரும், எந்த மெய்க்குப் பின் எது வரும் என்பதையெல்லாம் தொல்காப்பியமும் நன்னூலும் விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பகுதி இங்கே நேரடியாக வேலைக்கு வருகிறது.

முதலில் எழுத்துக் கணக்கு

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ல், ல, லை மூன்றும் மூன்று தனி எழுத்துகள். கொடுத்த எழுத்துகளில் ல் இருக்கிறது, லை இருக்கிறது என்பதற்காக ல-வை எடுத்துக்கொள்ள முடியாது. 247 எழுத்துகளில் ஒவ்வொன்றும் தனிச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெய்யும் உயிருமாகப் பிரித்து, லை என்பதை ல் + ஐ என்று எடுத்து ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கடினமான ஆட்டம், அதற்கு வேறு பழக்கம் வேண்டும். இந்தக் கட்டுரையில் முழு எழுத்தை ஓர் அலகாக வைத்தே பேசுகிறேன். குழுவாக ஆடுவதாக இருந்தால் எந்தக் கணக்கு என்பதை முன்பே பேசி முடித்துவிடுங்கள். பாதி ஆட்டத்தில் வரும் சண்டைகளில் பெரும்பகுதி இதனால்தான்.

அப்புறம் எழுத்துகளைத் துண்டுக் காகிதங்களில் எழுதி மேசையில் பரப்புங்கள். புள்ளி வைத்த எழுத்துகளை வேறு நிறப் பேனாவில் எழுதினால் நல்லது. ஏன் என்று அடுத்த பத்திகளில் தெரியும்.

முதல் எழுத்தைப் பிடியுங்கள்

பரப்பிய சீட்டுகளில் அ, ஆ, இ, ஈ போன்ற தனி உயிரெழுத்து இருக்கிறதா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. உயிரெழுத்து தனியாக வருவது சொல்லின் முதலில்தான். செய்யுளில் வரும் அளபெடை விலக்கு. புதிரில் அது வருவது அபூர்வம். ஆக, அந்தச் சீட்டை நேராக முதலிடத்தில் வைத்துவிடலாம். இரண்டு உயிரெழுத்து இருந்தால் விடை ஒரே சொல்லாக இருக்காது, இரண்டு சொற்களைத் தேடுங்கள்.

உயிர் இல்லையென்றால் எது முதலில் வராது என்று பார்த்துக் கழித்துக்கொண்டே வாருங்கள். மெய்யெழுத்து எதுவும் முதலில் வராது. உயிர்மெய்யில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளும் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. மீதி இருப்பவை க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ. ங வரிசையையும் நன்னூல் சேர்க்கிறது. அது அங்ஙனம், இங்ஙனம் போன்றவற்றுக்காக, புதிருக்கு உதவாது. வ-விலும் ஒரு வடிகட்டல் உண்டு: வு, வூ, வொ, வோ நான்கும் முதலில் வராது. ய வரிசையில் நடைமுறையில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் யா, கொஞ்சம் யோ, யு. ஞ-வில் ஞாயிறு, ஞாபகம், ஞானம் என்று ஞா ஒன்றே போதும்.

இந்த விதியைப் பிறமொழிச் சொற்கள் மீறும். ரத்தம், ராகம், லாபம், டப்பா, ரயில் எல்லாம் இன்று சாதாரணமாக எழுதப்படுகின்றன. பழைய முறையில் இரத்தம், இலாபம் என்று முன்னே ஓர் உயிர் சேர்ப்பார்கள். அதனால் முதலில் விதிப்படி தேடுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் ர, ல, ட-வை முதலில் வைத்துப் பாருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள், நேரம்தான் வீணாகும்.

புள்ளி எழுத்துக்கு ஜோடி தேடுங்கள்

என் கணிப்பில் முழு ஆட்டமும் இந்தப் படியில்தான் இருக்கிறது. மெய்யெழுத்து தன் பின்னால் யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளாது.

க், ச், த், ப் நான்கும் மிகக் கறார். க்-குக்குப் பின் க வரிசைதான் வரும், ச்-சுக்குப் பின் ச வரிசைதான், த்-துக்கு த, ப்-புக்கு ப. சக்தி, பக்தி, சப்தம், பத்மா போன்ற வடமொழிச் சொற்கள் விலக்கு. ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம்: தம் வரிசையோடு க, ச, ப வரிசைகளையும் ஏற்கும். வெட்கம், காட்சி, நட்பு. கற்க, முயற்சி, கற்பு. இந்த ஆறு வல்லின மெய்களில் எதுவும் சொல்லின் கடைசியில் நிற்காது. ஆகவே சீட்டில் ஒரு வல்லின மெய் இருந்தால், அதற்குப் பின்னால் நிற்கப்போகிறவர் யார் என்று உடனே தேடி இரண்டையும் ஒட்டிவிடலாம்.

மெல்லினத்துக்குத் தத்தம் இனம் உண்டு. ங்-குக்கு க, ஞ்-சுக்கு ச, ண்-டுக்கு ட, ந்-துக்கு த, ம்-புக்கு ப, ன்-றுக்கு ற. இதில் ங், ஞ், ந் மூன்றும் பெரும்பாலும் இனத்தோடோ தன்னோடோதான் வரும். ண், ன் வேறு சிலரோடும் சேரும்: வெண்மை, அன்பு. ம் கடைசியில் நிற்பதற்குப் பேர்போனது. சீட்டில் ப வரிசையோ ம வரிசையோ கூட இல்லையென்றால் ம்-மைத் தயங்காமல் கடைசியில் வையுங்கள்.

இடையினத்தில் ர், ழ் இரண்டும் தம்மோடு தாம் இரட்டிப்பதில்லை. ர்ர, ழ்ழ என்று தமிழ்ச் சொல்லில் பார்க்கவே முடியாது. ஆனால் ய், ர், ழ் மூன்றுக்கும் ஒரு தனிச் சலுகை இருக்கிறது: இவற்றின் பின்னால் இன்னொரு மெய் வரலாம். வாய்க்கால், வளர்ச்சி, வாழ்த்து, ஊர்ந்து, தாழ்ப்பாள். இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும் சொல் என்றால் முன்னால் நிற்பது இந்த மூன்றில் ஒன்றுதான். ல், ள் இரண்டும் தம்மோடும் க, ச, ப, வ, ய வரிசைகளோடும் சேரும்: செல்வம், கொள்கை, கேள்வி. தமிழ்ச் சொல்லுக்குள் ல்-லுக்குப் பின் த வராது, ட வராது.

ஆய்தம் வந்தால் கொண்டாடுங்கள். அதற்கு முன் ஒரு குறில், பின் ஒரு வல்லின உயிர்மெய். அஃது, எஃகு. தேடும் இடமே இல்லை. ஃபேன், ஃபோன் என்று முதலில் வருவது இக்காலப் பழக்கம்.

ஒரு புதிரைப் போட்டுப் பார்ப்போம்

சீட்டுகள் இவை: பா, டு, ட், க, டு, ப்.

ஆறு எழுத்து, அதில் டு இரண்டு முறை. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 360 வரிசைகள். இப்போது விதியை வைத்துப் பாருங்கள். ப் இருக்கிறது, அதற்குப் பின் ப வரிசைதான் வர வேண்டும், கையில் இருப்பது பா ஒன்றுதான். ஆக ப்பா ஒரு கட்டு. பா-வுக்கு முன் ப் வந்துவிட்டதால் பா முதலெழுத்து ஆக முடியாது. ட், ப் மெய்கள், முதலில் வராது. டு முதலில் வராது. மிச்சம் க மட்டும். முதலெழுத்து க.

அடுத்து ட். அதற்குப் பின் ட, க, ச, ப வரலாம். க முதலிடத்துக்குப் போய்விட்டது. பா ஏற்கெனவே ப்-போடு ஒட்டிவிட்டது. ச இல்லை. ஆக ட்டு இன்னொரு கட்டு. இப்போது கையில் இருப்பது: முதலில் க, அதன் பின் எப்படியோ நிற்க வேண்டிய ட்டு, ப்பா, டு. மூன்று கட்டு, ஆறு வரிசை. கட்டுடுப்பா, கப்பாட்டுடு, கப்பாடுட்டு, கடுட்டுப்பா, கடுப்பாட்டு, கட்டுப்பாடு. விடை தானாகக் கண்ணில் படுகிறது. 360 ஆறாகச் சுருங்கியதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை.

நீங்களே போட்டுப் பார்க்க ஒன்று: சி, ர், வ, ச், ள. விடை மேலே ஓரிடத்தில் எடுத்துக்காட்டாகவே வந்துவிட்டது. அதைத் திரும்பப் பார்க்காமல், ச்-சில் தொடங்கிப் படிப்படியாகப் போய்ப் பாருங்கள்.

ஒரே எழுத்துகளுக்கு இரண்டு விடை வருவதும் உண்டு. க, த, வு என்று கொடுத்தால் கதவும் சரி, தகவும் சரி. த, வ, ம் என்றால் தவம், வதம். ச, ர, ம் என்றால் சரம், ரசம். புதிர் அமைக்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். விடையோடு பொருத்திப் பார்க்கும்போது உங்கள் சொல் வேறாக இருந்தால் உடனே தவறு என்று அடித்துவிட வேண்டாம், அகராதியைப் பாருங்கள்.

ஒரு சொல்லுக்குள் பல சொற்கள்

இந்த ஆட்டத்துக்கு எனக்குப் பிடித்த சொல் பல்கலைக்கழகம். எழுத்துகள் ஒன்பது: ப, ல், க, லை, க், க, ழ, க, ம். க மூன்று இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் ஒவ்வொன்றுதான்.

முதலில் முதலெழுத்தாக நிற்கக்கூடியவற்றை எடுங்கள். ப, க இரண்டுதான். லை, ழ விதிப்படி நிற்காது. இனி இறுதியில் எது நிற்கும்? ல், ம், லை. சில சமயம் க. முதலும் இறுதியும் கையில் வந்துவிட்டால் நடுவில் நிரப்ப வேண்டியதுதான்.

ப முதலில், ல் கடைசியில்: பல், பகல். ப முதலில், ம் கடைசியில்: பழம், பக்கம், பழக்கம். க முதலில், ல்: கல், கழல், கக்கல். க முதலில், ம்: கழகம். லை கடைசியில்: கலை. இலக்கியம் படித்தவர்கள் கம்பலையையும் சேர்ப்பார்கள், ஆரவாரம் என்று பொருள். வினையெச்சத்தை அனுமதித்தால் பழக என்பதும் செல்லும்.

புதியவர்கள் இதே சொல்லில் கலகம், பலகை, கலக்கம் என்று எழுதிவிடுவார்கள். மூன்றுக்கும் ல வேண்டும், இங்கே ல கிடையாது. எழுதிய ஒவ்வொரு சொல்லையும் சீட்டோடு சீட்டாக வைத்துச் சரிபாருங்கள், அந்த எழுத்து இருக்கிறதா என்பதோடு அத்தனை முறை இருக்கிறதா என்றும்.

பழக்கத்தில் ழ-வை எடுத்தால் பக்கம். சிகரத்தின் முதலெழுத்தை எடுத்தால் கரம். இப்படி எழுத்தைக் குறைத்துக் குறைத்துப் புதுச் சொல் வரச் செய்வதற்கு அக்கரச் சுதகம் என்றும், கூட்டிக்கொண்டே போவதற்கு எழுத்து வருத்தனம் என்றும் பெயர். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இரண்டையும் சித்திரகவிகளில், அதாவது சொல் விளையாட்டுப் பாடல்களில், வைத்திருக்கிறது. பாட்டாகவே இதைக் கட்டிய புலவர்கள் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இந்த விளையாட்டின் மேல் மரியாதை கூடுகிறது. நீங்கள் சேகரிக்கும் சொற்களில் இந்த உறவு உள்ளவற்றை அடுத்தடுத்து எழுதி வைத்தால் அடுத்த புதிரில் சட்டென்று நினைவுக்கு வரும்.

குறுக்கெழுத்தில்

இங்கே இடம் தெரியும், எழுத்து தெரியாது. நான்கு கட்டம், முதலில் வா, மூன்றாவதில் க் என்று வைத்துக்கொள்வோம். க் இருப்பதால் நான்காம் கட்டம் க வரிசை என்பது உறுதி: க, கு, கை, இப்படி ஏதோ ஒன்று. இரண்டாம் கட்டத்தில் மெய் வந்தால் அது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் பின்னால் இன்னொரு மெய் நிற்கிறது. வாய்க், வார்க், வாழ்க் என்று சொல்லும்போதே வாழ்க்கை வந்துவிடுகிறது. உயிர்மெய் வந்தால் வாசிக்க போன்ற எச்சங்கள் கிடைக்கும். குறுக்கெழுத்தில் அவை அதிகம் வருவதில்லை, அதனால் பெயர்ச்சொல்லை முதலில் பாருங்கள்.

எந்த அகராதி?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது, 1939-இல் பின்னிணைப்பும் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதித் தளத்தில் அதை இலவசமாகத் தேடலாம். கம்பலை போன்றவற்றை உறுதி செய்ய அதுதான் சரியான இடம். ஆனால் குழந்தைகளோடு ஆடும்போது அதைத் தீர்ப்பாக வைக்காதீர்கள். யாரும் கேள்விப்படாத சொல்லெல்லாம் செல்லுபடியாகி ஆட்டம் சலித்துவிடும். இன்றைய புழக்கத்துக்கு 1992-இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பொருத்தம்.

அச்சு அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது மெய் முதலில், உயிர்மெய் பிறகு என்பதை மறக்க வேண்டாம். பக்கம் வந்த பிறகுதான் பகல் வரும்.

சொல்லின் நடுவிலிருந்து தேட வேண்டும் என்ற தேவை புதிது இல்லை. வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியின் நான்காம் பகுதி தொடையகராதி. பாட்டு எழுதுகிறவருக்கு எதுகை கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. முதலெழுத்து தெரியாது, இரண்டாவது தெரியும் என்று நிற்கும் குறுக்கெழுத்துக்காரருக்கும் அதே உதவிதான் தேவை.

கணினியில் செய்வதானால்

சொற்பட்டியல் ஒன்று வேண்டும், வரிக்கு ஒரு சொல்லாக. தமிழ் விக்சனரியின் தலைப்புகளை முழுதாக இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத் தலைச்சொற்களும் அதில் ஏராளமாகக் கலந்திருக்கும், அவற்றை நீக்கிவிடுங்கள்.

எழுதுசெயலியில் ல என்று கொடுத்துத் தேடினால் ல், லை, லி எல்லாமே சிக்கும். காரணம், ஒருங்குறியில் (யூனிகோடில்) தமிழ் எழுத்து அப்படியே ஒற்றைக் குறியீடாக இல்லை. லை என்பது ல-வும் ஐகாரக் குறியும். ல் என்பது ல-வும் புள்ளியும். நாம் ஒன்பது என்று எண்ணிய பல்கலைக்கழகம் கணினிக்கு 13. மூன்றெழுத்துச் சொல்லைத் தேடு என்றால் பழம் கிடைக்காது, ஏனென்றால் அதற்கு அது நான்கு.

ஆகவே சொல்லை முதலில் எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும். விதி எளிது: அடுத்து வரும் குறியீடு துணைக்குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் முந்தையதோடு ஒட்டு, இல்லையென்றால் புது எழுத்தைத் தொடங்கு. பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல் தொகுப்பு இதைச் செய்து தரும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் வழியாகத் தேடுகிறவர்கள், தனி ல வேண்டுமென்றால், அதன் பின்னால் துணைக்கால் முதல் புள்ளி வரை உள்ள குறிகள் எதுவும் வரக்கூடாது என்று நிபந்தனை போடுங்கள். ஒருங்குறி அட்டவணையில் அந்தக் குறிகள் இதே வரிசையில்தான் இருக்கின்றன. க்ஷ வந்தால் அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிரித்த பிறகு இரண்டு வேலை. எல்லா எழுத்துகளையும் பயன்படுத்தும் சொல் வேண்டுமென்றால், ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி ஒரு சாவி செய்யுங்கள். கதவுக்கும் தகவுக்கும் சாவி ஒன்றாகவே வரும். சாவி ஒன்றாக உள்ளவற்றை ஒரே கட்டில் போட்டு வைத்தால், கலைந்த எழுத்துகளின் சாவியைக் கொடுத்ததும் விடை வந்துவிடும். உள்ளே அடங்கும் சின்னச் சொற்கள் வேண்டுமென்றால், ஒவ்வொரு எழுத்தும் எத்தனை முறை என்று எண்ணி, கையிருப்பைத் தாண்டாத சொற்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைப் பார்க்காமல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால், பல்கலைக்கழகத்திலிருந்து கம்பம் போன்றவையும் வரத் தொடங்கிவிடும். எளிதாகச் சொன்னால், ஒரே ம்-மை இரண்டு இடத்தில் பயன்படுத்திவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தெரிந்த சொல் ஒன்று சிக்கவில்லை என்றால், பட்டியலில் தட்டச்சு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கொ, கோ, கௌ மூன்றையும் ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒரே துணைக்குறியாக, அல்லது முன்னும் பின்னுமாக இரண்டு குறிகளாக. திரையில் வித்தியாசமே தெரியாது. தேடும் முன் பட்டியலையும் உங்கள் எழுத்துகளையும் என்எஃப்சி (ஒரே எழுத்தை எங்கும் ஒரே விதமாகச் சேமிக்கும் ஒருங்குறி முறை) வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். மாற்றியும் தீராத ஒன்று இருக்கிறது: கௌ என்பதற்குக் கொம்பும் ள-வும் போட்டு கெள என்று அடித்திருப்பார்கள். அது எழுத்துப்பிழை, எந்த வடிவ மாற்றமும் அதைச் சரிசெய்யாது. கெளரவம், பெளர்ணமி, மெளனம் போன்றவற்றைப் பட்டியலில் தேடிக் கையால் திருத்துங்கள். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ர அடித்த சொற்களும் பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் கிடக்கும், அவற்றையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.